பயிர்க்காவலும் இடுப்புத் துப்பாக்கியும்
(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதுவது)

காட்டோரக் கிராமங்களுக்குச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யப் போகும்போதெல்லாம் குடியானவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, கூட்டுறவுக்குச் சற்றும் சம்பந்தமில்லாதது. இரவில் பன்றிக் காவலுக்கோ வேட்டைக்கோ போகிறவன் தன் பிராணனைக் காத்துக்கொள்ள இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொள்வதானால் எந்த வகை நல்லது என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் விளையாட்டாகக் கேட்பதில்லை. ஆகையால் விஷயத்தை நன்கு விசாரித்து, நான் அறிந்த அளவு இங்கே விளக்க முற்படுகிறேன்.

இதை எழுதத் தூண்டிய சம்பவம் கோரிமேட்டில் நடந்தது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் இடம் கோரிமேடு என்பதை யாவரும் அறிவர். விழுப்புரம் ஜில்லாவின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் நோயாளிகள் அங்கே வந்து சேருகிறார்கள். செஞ்சிப் பக்கத்துச் சங்க அங்கத்தினர் ஒருவர், மல்லாட்டைக் கொல்லையில் இராக்காவல் இருந்தபோது காட்டுப்பன்றி பாய்ந்து, வலது தொடை கிழிந்து, அங்கே சேர்க்கப்பட்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் அவருடைய மைத்துனர் என்னை நிறுத்தினார்.

“இன்ஸ்பெக்டர் ஐயா, மச்சான் பிழைத்தது அம்மன் புண்ணியம். மறுபடி அவர் வெறுங்கையோடு கொல்லைக்குப் போகக்கூடாது. சங்கத்தில் ஒரு லட்சம் கடன் போட்டுக் கொடுங்கள். நல்லதாக ஒரு ரிவால்வர் வாங்கிவிடுகிறோம். லைசென்ஸ் கிடைக்காது என்றால், அது இல்லாமலே ஒன்று வாங்கித் தருவதற்கு ஆள் இருக்கிறது” என்றார்.

அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைதான் எனக்குக் கவலையளித்தது. பயிர்க்கடனாகக் கொடுக்கும் பணத்தைத் துப்பாக்கிக்குக் கொடுக்க இயலாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் அந்த ஆளைத் தேடிப் போயிருப்பார். ஆகவே உட்கார்ந்து பேசினோம். அன்று பேசியதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் ஒழுங்குபடுத்திக் கீழே தருகிறேன்.

வேட்டைக்காரர்களின் பழைய வழக்கம்

இடுப்புத் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், யானைமேல் அம்பாரியில் இருந்து புலி வேட்டையாடிய வெள்ளைக்காரத் துரைமார்கள், இரண்டு அல்லது நான்கு குழல்களுள்ள குட்டையான கைத்துப்பாக்கிகளை உடன் வைத்திருந்தார்கள். அவற்றிற்கு அம்பாரித் துப்பாக்கி என்றே பெயர் வழங்கிற்று. காயம்பட்ட புலி யானையின் மேல் தாவி ஏறிவிட்டால், நீண்ட துப்பாக்கியைத் திருப்ப இடமிராது. அந்தக் கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துச் சுடுவதற்கென்றே அவை செய்யப்பட்டன. அவற்றின் குழல்கள் அரை அங்குலத்திற்கும் மேல் விட்டமுள்ளவை. அவ்வளவு கனமான குண்டு இல்லாவிட்டால் பெரிய மிருகம் நிற்காது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கைத்துப்பாக்கியை நம்பி அவர்களில் எவரும் வேட்டைக்குப் போனதில்லை. கையில் நீண்ட துப்பாக்கி, அருகில் துணையாட்கள், கீழே யானை என்ற இத்தனையும் தவறிய பிறகே அது உபயோகப்பட்டது. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்ற ஜிம் கார்பெட் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சௌகர் பெண்புலியை எதிர்ப்பட்ட விதம் பிரசித்தம். இடது கையில் ஒரு பறவையின் முட்டைகளை வைத்துக்கொண்டு நடந்த அவர், திரும்பியபோது புலி சில அடி தூரத்தில் பதுங்கியிருந்தது. வலது கையில் பிடித்திருந்த இலேசான ரைபிளை அணு அணுவாகத் திருப்பி ஒற்றைக் கையாலேயே சுட்டார். ஆயுதம் ஏற்கெனவே கையில் இருந்ததாலும், பதறாமல் இருக்கப் பல வருஷ அனுபவம் இருந்ததாலும் பிழைத்தார். இடுப்பில் தேடி எடுக்க வேண்டியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும்.

பன்றியின் வேகமும் குண்டின் வலுவும்

நம் குடியானவரின் எதிரி புலியன்று, காட்டுப்பன்றி. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவுக்கும் மேல் நிறையுள்ளதாக வளரும். குறுகிய தூரத்திற்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. அஃதாவது ஒரு விநாடிக்குச் சுமார் 11 மீட்டர். கரும்புக் கொல்லையிலோ முட்புதரிலோ இருட்டில் பன்றி 20 மீட்டருக்கு அப்பால் நமக்குத் தென்படுவது அரிது. தென்பட்ட பிறகு நம்மை வந்தடைய அதற்கு இரண்டு விநாடி போதும். ஒரு கையில் டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல்துணியை விலக்கி, உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, குறி பார்த்துச் சுட வேண்டும். அந்த இரண்டு விநாடியில் இதைச் செய்து முடிப்பது பழகிய போலீஸ்காரருக்கும் கடினம்.

சுட்டாலும் குண்டு நிறுத்துமா என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டில் பொதுமக்கள் லைசென்ஸின் பேரில் சாதாரணமாக வாங்கக்கூடிய ரிவால்வர், கான்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் செய்யப்படும் 0.32 அங்குல ரகம். ஆறு தோட்டா கொள்ளும். நிறை சுமார் 700 கிராம், குழல் 3 அங்குலம். அதன் குண்டு ஆறு கிராமுக்குச் சற்று அதிகம். அது விட்டுச் செல்லும் வலுவைக் கணக்கிட்டால் சுமார் 150 ஜூல் வருகிறது. பன்னிரண்டு போர் நீண்ட துப்பாக்கியில் போடும் ஒற்றைக் குண்டின் வலுவோ 2,500 ஜூலுக்கும் மேல். கரடிகள் மிகுந்த அலாஸ்கா தேசத்தில் நடப்போர் இடுப்பில் வைத்துக்கொள்ளும் 0.44 மாக்னம் ரிவால்வருங்கூட நமது 0.32 ரகத்தைப் போல ஏழெட்டு மடங்கு வலுவுள்ளது. ஆண் பன்றியின் தோளிலோ, கேடயம் போலத் தடித்து இறுகிய தோல் ஒன்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது. எதிர்முகமாகப் பாய்ந்து வரும் பன்றியைச் சிறு குண்டு பெரும்பாலும் காயப்படுத்துமேயன்றி நிறுத்தாது. காயப்பட்ட பன்றி முன்னிலும் கொடியது என்பதைக் காவல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அலாஸ்காவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அங்கே கரடி எதிர்ப்பட்ட சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் 2008-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மிளகாய்க் காரத்தைப் பீச்சும் தெளிப்பானை உபயோகித்தபோது, பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் பழுப்புக் கரடி தன் போக்கை நிறுத்திக்கொண்டது என்று கண்டார்கள். பெருங்கரடிக்கே துப்பாக்கியைத் தவிர வேறு உபாயம் உண்டு என்பதை இதனால் அறியலாம்.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொழுதுபோக்கு வேட்டைக்கு இப்போது நம் தேசத்தில் இடமில்லை. காட்டுப்பன்றியும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள மிருகமே. பயிருக்கோ உயிருக்கோ ஆபத்தான பன்றியைக் கொல்ல வேண்டுமானால், அதிகாரம் பெற்ற வன அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். குடியானவர் சுடுவதற்கு அதில் அனுமதி இல்லை.

“உயிருக்கு ஆபத்து வந்தால் சுடுவதும் குற்றமா?” என்று மைத்துனர் கேட்டார். இல்லை. தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் ஒரு வனவிலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது என்று அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவே கூறுகிறது. ஆனால் அதனுடன் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. அவ்வேளையில் அவர் அச்சட்டத்திற்கு விரோதமான காரியம் எதையும் செய்துகொண்டிருக்கலாகாது. தன் கொல்லையில் காவல் இருந்தவனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. வேட்டைக்கென்று புறப்பட்டவனுக்கு இல்லை. ஆகவே “வேட்டையின்போது தற்காப்புக்குத் துப்பாக்கி” என்று சொல்லிக்கொண்டு போகிறவர், தற்காப்பு என்னும் சமாதானத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார் என்றே கொள்ள வேண்டும். கொல்லப்பட்ட மிருகமும் சர்க்காருக்குச் சொந்தம். இறைச்சியைப் பங்கு போடுவது தனிக் குற்றம்.

ஆயுதத்தைப் பற்றிய சட்டம் 1959-ஆம் ஆண்டினது. குடியானவருக்குச் சாதகமான ஒரு விதி அதன் 13-ஆம் பிரிவில் இருப்பது பலருக்குத் தெரியாது. உண்மையாகவே பயிரைக் காப்பதற்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பவரைச் சட்டம் தனியாகக் குறிப்பிட்டு இடமளிக்கிறது. காப்புக்கு 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுள்ள வழவழத்த துப்பாக்கி கேட்பவருக்கும் அவ்வாறே. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் அந்தச் சலுகை இல்லை. தக்க காரணம் உண்டென்று ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அவற்றிற்கு உரிமம் கிடைக்கும். பன்றிக் காவலைக் காரணமாகக் காட்டுகிறவரிடம், அதற்கு நீண்ட துப்பாக்கி போதாதோ என்று கேட்பதே நியாயமான கேள்வி. சரணாலயத்திற்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் புது உரிமம் வழங்குமுன் தலைமை வனவிலங்கு அதிகாரியின் இசைவும் வேண்டும். கோரிமேட்டுக்கு மேற்கே ஊசுடு ஏரிப் பறவைச் சரணாலயம் இருப்பதால், இந்தப் பக்கத்தாருக்கு அதுவும் பொருந்தும்.

உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருப்பதற்கோ, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இரண்டு வருஷத்திற்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம். ஒரு லட்சம் செலவழித்து, இரண்டு வருஷம் கொல்லையைத் தரிசாகப் போட்டு, வீட்டுப் பெண்பிள்ளைகள் வக்கீல் வீட்டு வாசலில் நிற்பதைவிடப் பன்றி தின்னும் மல்லாட்டை பெரிதன்று. நான் இதைச் சொன்னபோது மைத்துனர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

கோரிமேட்டு எல்லைக்கோடு

நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே ஒரு பாடத்தைச் சொல்லக்கூடியது. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, இப்பால் புதுச்சேரி. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் விலகும் வரையில் இது இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவிலிருந்த எல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இப்பால் செல்லுபடியாகவில்லை. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் கைத்துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பது சரித்திரம். அது தேச விடுதலைக் காலத்துக் கதை. இப்போது இருபுறமும் ஒரே சட்டம். ஆனால் எல்லை அடியோடு மறைந்துவிடவில்லை. துப்பாக்கி உரிமம் ஒவ்வொன்றிலும் அது எந்தப் பிரதேசத்திற்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். புதுச்சேரிக்கு மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு கோரிமேட்டைத் தாண்டி, மாமனார் ஊர்க் கொல்லைக்குக் காவல் போகிறவர், சாலையின் அந்தப் பக்கத்தில் உரிமமில்லாதவரே ஆவார். இரு பக்கமும் நிலமும் உறவும் உள்ள குடும்பங்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

உரிமம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

வேறு தக்க காரணத்திற்காக முறைப்படி கைத்துப்பாக்கி உரிமம் பெற்றிருப்பவர் சிலர் நம் நேயர்களிலும் இருக்கலாம். பிஸ்டலா ரிவால்வரா என்று அவர்கள் கேட்டால், அடிக்கடி பழகாதவருக்கு ரிவால்வரே மேல் என்பேன். அதன் அமைப்பு எளியது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டா சிக்கினால் இருட்டில் அதை விடுவிக்கத் தேர்ந்த கை வேண்டும். வேட்டி மடிப்பில் செருகுவது மகா ஆபத்து. வார் போட்டு மூடும் தோல் உறை அவசியம். பழைய ரிவால்வராக இருந்தால் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவது நல்ல வழக்கம். வீட்டில் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்து, தோட்டாவை வேறிடத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இன்னதென்று கண்ணால் நிச்சயமாகக் காணாத எதையும் நோக்கி விசையில் விரல் வைக்கலாகாது. இருட்டில் கொல்லைக்குள் அசைவது பன்றியாகவும் இருக்கலாம், தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துக் கொல்லைக்காரராகவும் இருக்கலாம். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட துயரங்கள் நம் நாட்டில் பல.

துப்பாக்கியின்றி உயிரைக் காக்கும் வழிகள்

1. தனியே காவல் போகலாகாது. இருவராவது சேர்ந்து போக வேண்டும்.

2. தரையில் படுக்காமல் உயரமான பரண் கட்டி அதன்மேல் இருக்க வேண்டும். பன்றி ஏறாது.

3. கொல்லைக்குள் நுழையுமுன் தகரம் தட்டியோ குரல் கொடுத்தோ பன்றி விலக அவகாசம் தர வேண்டும். அது ஓடும் வழியை மறித்து நிற்கலாகாது. குட்டிகளோடு உள்ள பெண்பன்றியை நெருங்கவே வேண்டாம்.

4. பாய்ந்துவிட்டால் மரத்தின் பின்னாலோ வரப்பு மேட்டின் மேலோ ஏறிக்கொள்ள வேண்டும். பன்றியின் தந்தம் கீழிருந்து மேலாக வெட்டுவதால் தொடைக்கே ஆபத்து அதிகம்.

5. காயம்பட்டால் சுத்தமான துணியை வைத்து இறுக அழுத்தி, கையை எடுக்காமல் 108-க்குச் சொல்ல வேண்டும். காப்பித் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் இவற்றைப் புண்ணில் அப்பலாகாது. இரத்தம் பெருகாத சிறு காயமானால் சவுக்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும். எவ்வளவு சிறியதாயினும் வெறிநோய்க்கும் தனுர்வாதத்திற்கும் ஊசி போட்டுக்கொள்ள மருத்துவரிடம் போக வேண்டும்.

6. மின்கம்பத்திலிருந்து நேரே கம்பியில் மின்சாரம் விடுவதும், பழத்திற்குள் அவுட்டுக்காய் வைப்பதும் துப்பாக்கியைவிடக் கொடியவை. அவற்றால் யானைகளும், ஆடு மாடுகளும், பல இடங்களில் வைத்தவரின் சொந்தப் பிள்ளைகளுமே மாண்டிருக்கிறார்கள். சூரிய ஒளியில் இயங்கும் துடிப்பு வேலி வேறு. அது உதறித் தள்ளுமேயன்றிக் கொல்லாது. தமிழ்நாட்டில் அதற்கு 2023-ஆம் ஆண்டு முதல் விதிகள் உண்டு. அவற்றின்படி அனுமதி பெற்றே போட வேண்டும்.

7. பயிர்ச் சேதத்திற்கும் மனிதக் காயத்திற்கும் வனச்சரக அலுவலகத்தில் நிவாரணத்திற்கு மனுச் செய்யலாம். சேதத்தைக் கண்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்வது நலம்.

ஒருவர் இடுப்பா, பலர் தோளா?

இனி என் இலாகாவின் விஷயத்திற்கு வருகிறேன். ஒரு லட்ச ரூபாய்த் துப்பாக்கி ஒரே ஒருவரின் இடுப்பில் இருக்கும். அவர் தூங்கிய இரவில் அதுவும் தூங்கும். அதே பணம், அடுத்தடுத்த கொல்லைக்காரர்கள் பலர் கூடிப் போடும் வேலியில் ஒரு பங்காகச் சேர்ந்தால் எல்லார் கொல்லைக்கும் இரவு முழுதும் விழித்திருக்கும். தனிக் கொல்லைக்கு வேலி போட்டால் நாலு பக்கமும் கம்பி வேண்டும். ஒன்பது கொல்லையைச் சேர்த்து வளைத்தால் தலைக்கு ஆகும் கம்பி வெகுவாகக் குறைந்துவிடும். இது கூட்டல் கணக்கு அறிந்த பிள்ளைக்கும் தெரியும். காவல் முறையும் அப்படியே. ஒன்பது வீட்டிலிருந்து நாளுக்கு இருவராக முறை வைத்தால், ஒவ்வொருவரும் ஒன்பது இரவில் இரண்டு இரவு விழித்தால் போதும்.

மைத்துனர் இதை உடனே ஒப்புக்கொண்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். “அந்த வடக்குக் கொல்லைக்காரரோடு எங்களுக்குப் பேச்சு வார்த்தையே இல்லையே” என்றார். வரப்புச் சண்டையாம், ஆறு வருஷமாக. ஆனால் அந்த வடக்குக் கொல்லைக்காரர்தான் அன்றிரவு கூக்குரல் கேட்டு ஓடி வந்து, தம் துண்டால் காயத்தைக் கட்டி, வண்டி பிடித்துக் கோரிமேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பதை நான் சற்று முன்புதான் நோயாளியின் வாயாலேயே கேட்டிருந்தேன். அதை நினைவூட்டினேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வாங்கித் தரும் ஆளைப் பற்றியும் அதன்பின் பேசவில்லை.

அங்கத்தினர் இப்போது கோலூன்றி நடக்கிறார். இவ்வருஷம் முறைக்காவல் தொடங்கியிருக்கிறது. ஒன்பது பேரில் ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். வேலிக்கு அனுமதி கோரிய மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தென்கோடியில் ஒரு பாத்தி பன்றிக்குப் போயிற்று. ஆனால் மனிதர் எவருக்கும் காயமில்லை. பேச்சு வார்த்தை இல்லாதிருந்த இரு வீட்டாரும் ஒரே பரணில் இராக்காவல் இருக்கிறார்கள். மற்றக் காட்டோரக் கிராமத்தாரும், துப்பாக்கிக் கடையை விசாரிக்கு முன் பக்கத்துக் கொல்லைக்காரரை விசாரிப்பார்களானால் நலம்.